மூளையை உடலால் வகுத்தால் கிடைப்பது என்ன?

வளர்ந்த மனிதரின் மூளை சராசரியாக 1,350 கிராம் அளவில் எடை கொண்டது. ஆப்பிரிக்க யானையின் மூளை நாலரை முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூளை எட்டு கிலோவை ஒட்டி நிற்பதால், உயிரினங்களிலேயே மிகப் பெரிய மூளை என்ற பெயர் அதற்கு உண்டு. மூளையின் எடையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் மனிதருக்கு முதலிடம் கிடைக்காது என்பது 19ஆம் நூற்றாண்டின் உடற்கூற்றியலாளர்களுக்கே தெரிந்திருந்தது. பெரிய உடலுக்குப் பெரிய மூளை வேண்டியிருக்கும், ஆகவே உடலின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியது இயல்புதான். ஆனால் உடலின் அளவை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்றுவரை அமையவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு தரவரிசையைத் தருகிறது. எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே விடையின் பெரும்பகுதி முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. இக்கட்டுரை அந்தத் தேர்வுகளைப் பற்றியது.

எளிய விகிதமும் சுண்டெலியும்

முதலில் தோன்றும் வழி, மூளையின் எடையை உடலின் எடையால் வகுப்பது. 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1,350 கிராம் மூளை என்றால் விகிதம் சுமார் 2 சதவீதம். ஐந்து டன் யானைக்கு அது 0.1 சதவீதத்தை எட்டுவதே அரிது. திமிங்கிலத்திற்கு அதனினும் மிகக் குறைவு. இதுவரை மனிதருக்கு மகிழ்ச்சியான கணக்குதான். ஆனால் 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு மூளை ஏறத்தாழ 0.4 கிராம், அதாவது அதே 2 சதவீதம். தென் அமெரிக்காவின் அணில் குரங்குக்கு 3 சதவீதத்திற்கும் மேல். சிறிய பறவைகள் பலவும் மூஞ்சூறு வகைகள் சிலவும் இதையும் தாண்டிவிடுகின்றன.

இதற்குக் காரணம், உடல் பெருக்கும் வேகத்தில் மூளை பெருக்க வேண்டியதில்லை என்பதே. சைக்கிளைவிடப் பேருந்து பல நூறு மடங்கு கனமானது என்றாலும் இரண்டையும் ஓட்டுவதற்கு ஒருவரே போதும். இதயத் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், நடை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அடிப்படை வேலைகள் சிறிய உடலிலும் இருக்கின்றன. அவற்றுக்கான குறைந்தபட்ச மூளையைச் சுண்டெலியும் சுமந்தே தீர வேண்டும். எனவே எளிய விகிதம் எப்போதும் சிறிய விலங்குகளுக்குச் சாதகமாகவும் பெரிய விலங்குகளுக்குப் பாதகமாகவும் சாய்கிறது.

மனிதருக்குள்ளேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மூன்று கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் வரை இருக்கும். விகிதம் 12 சதவீதத்தை ஒட்டி வருகிறது. வளர வளர அது இறங்கி 2 சதவீதத்தில் வந்து நிற்கிறது. விகிதம்தான் அறிவின் அளவுகோல் என்று கொண்டால், நாம் பிறந்த அன்றே உச்சத்தில் இருந்து பிறகு ஆண்டுதோறும் சரிந்துகொண்டு வருகிறோம் என்றாகும்.

எதிர்பார்க்கும் மூளை என்ற கருத்து

இந்தச் சாய்வைச் சரிசெய்ய வேண்டுமென்றால், ஒரு குறிப்பிட்ட எடையுள்ள விலங்குக்கு எவ்வளவு மூளை இருப்பது வழக்கம் என்று முதலில் கணிக்க வேண்டும். பிறகு உண்மையில் இருக்கும் மூளை அந்தக் கணிப்பைவிட எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஓட்டோ ஸ்னெல் 1890களின் தொடக்கத்தில் இந்தத் திசையில் கணக்குப் போட்டார். ஜாவாவில் ஹோமோ எரெக்டஸ் என்ற அழிந்த மனித இனத்தின் புதைபடிவத்தைக் கண்டெடுத்த யூஜீன் டுபுவா அதே பத்தாண்டுக்குள் அதைத் தொடர்ந்தார். இன்று பரவலாகத் தெரிந்த வடிவத்தை அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஜெரிசன் 1973ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு மூளையாக்க ஈவு என்று பெயர். சுருக்கமாக இ.கியூ. என்பார்கள். ஐ.கியூ. எனப்படும் நுண்ணறிவு ஈவுடன் இதற்குத் தொடர்பில்லை, பெயரொற்றுமை மட்டுமே.

ஜெரிசனின் சூத்திரம் எளியது. உடல் எடையைக் கிராமில் எடுத்து, அதை மூன்றில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.12ஆல் பெருக்கினால் அந்த எடையுள்ள சராசரிப் பாலூட்டிக்கு இருக்க வேண்டிய மூளையின் எடை கிடைக்கும். உண்மையான மூளையை அதனால் வகுத்தால் வருவது இ.கியூ. பூனைக்கு அது 1 என்ற அளவில், அதாவது சராசரியில், இருக்கிறது. சிம்பன்சிக்கு, 45 கிலோ உடலும் 400 கிராம் மூளையும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 2.6. மனிதருக்கு, 65 கிலோ உடல் என்றால், சுமார் 7. சுண்டெலி 0.45க்கு இறங்கிவிடுகிறது. ஐந்து டன் உடலும் 4.7 கிலோ மூளையும் உள்ள யானை 1.3க்கு ஏறுகிறது. மனிதர் உச்சியில், மற்றவை கீழே என்ற இந்த வரிசை பலருக்கு நிறைவைத் தந்ததால்தான் பாடநூல்களில் இந்த எண் இத்தனை ஆழமாக வேரூன்றியது என்பது என் ஐயம்.

அடுக்கை யார் முடிவு செய்வது?

மூன்றில் இரண்டு என்ற அடுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பொருள் வடிவம் மாறாமல் எட்டு மடங்கு எடை கூடினால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்குதான் கூடும். எடைக்கும் பரப்புக்கும் உள்ள உறவு மூன்றில் இரண்டு என்ற அடுக்கில் அமைகிறது. தோலிலிருந்தும் பிற பரப்புகளிலிருந்தும் வரும் உணர்வுகளை மூளை கையாள்வதால் மூளையும் பரப்பைப் பின்பற்றி வளரும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். 1981ஆம் ஆண்டில் ராபர்ட் மார்ட்டின் இன்னும் அதிக இனங்களின் தரவுகளை ஆராய்ந்து, பாலூட்டிகளுக்கு நான்கில் மூன்று என்ற அடுக்கே பொருந்துகிறது என்றார். உடலின் ஆற்றல் செலவும் ஏறத்தாழ அதே அடுக்கில் உயர்வதால், கருவிலிருக்கும் குட்டியின் மூளைக்குத் தாயால் எவ்வளவு ஆற்றல் தர முடியும் என்பதே மூளையின் அளவை வரையறுக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். அதே ஆண்டில் ஜான் ஐசன்பெர்க் 0.74 என்ற அடுக்கையும் 0.055 என்ற பெருக்கெண்ணையும் பயன்படுத்தினார்.

இரண்டு அடுக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயிரம் மடங்கு கனமான விலங்குக்கு மூளை எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று கேட்டால், முதல் அடுக்கு நூறு மடங்கு என்கிறது. நான்கில் மூன்று என்ற அடுக்கோ சுமார் 178 மடங்கு என்கிறது. மேலே சொன்ன அதே யானையை ஐசன்பெர்க்கின் சூத்திரத்தில் இட்டால் ஈவு 1.3இலிருந்து 0.94க்கு விழுகிறது. அதாவது ஒரு சூத்திரப்படி யானை சராசரிக்கு மேல், மற்றொன்றின்படி சராசரிக்குக் கீழ். சுண்டெலியோ 0.45இலிருந்து 0.8க்குத் தாவுகிறது. எந்த விலங்கின் மூளையிலும் ஒரு கிராம்கூட மாறவில்லை. மனிதரின் ஈவு இரண்டிலும் 7ஐ ஒட்டியே இருக்கிறது. உடல் எடைக்கு எதிர்பார்க்கும் மூளையை மடங்கு அளவுகோல் வரைபடத்தில் ஒரு கோடாக வரைந்தால், அடுக்கே அதன் சாய்வு. உடல் எடை அளவின் நடுப்பகுதியில் நாம் இருப்பதால் கோட்டின் சாய்வு மாறுவது நம்மை அவ்வளவாகத் தொடுவதில்லை. இதை மனிதரின் தனிச்சிறப்புக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இதிலேயே இருக்கிறது. சாய்வு, எந்த மட்டத்தில் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. ஒட்டுமொத்தப் பாலூட்டிகளை எடுத்தால் ஓர் அடுக்கு, நெருங்கிய உறவுள்ள இனங்களை மட்டும் எடுத்தால் அதைவிடக் குறைந்த அடுக்கு, ஒரே இனத்துக்குள் பெரிய உடல்களையும் சிறிய உடல்களையும் ஒப்பிட்டால் இன்னும் குறைந்த அடுக்கு. சிறிய நாய் வகைகளையும் பெரிய நாய் வகைகளையும் பாலூட்டிகளின் பொதுக் கோட்டில் வைத்தால், மடியில் வைத்துக் கொஞ்சும் சிறிய நாய் எப்போதும் அதிக ஈவைப் பெறும். கொரில்லாவில் ஆண் பெண்ணைப் போல இரு மடங்கு எடையுடையது, மூளையோ சற்றுத்தான் பெரியது. எனவே பெண்ணின் ஈவு எளிதாக முந்திவிடுகிறது. ஆணின் அந்தக் கூடுதல் எடை மற்ற ஆண்களோடு போட்டியிடுவதற்காக வளர்ந்த உடற்கட்டு. அறிவைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் இதைப் போன்றதே. எல்லாப் பாலூட்டிகளின் கோட்டிலிருந்து பார்த்தால் மனித மூளை எதிர்பார்ப்பைவிட ஏழு மடங்கு. குரங்குகளும் மனிதக் குரங்குகளும் அடங்கிய குரங்கினக் கோட்டிலிருந்து மட்டும் பார்த்தால் அது மூன்று மடங்கு அளவுக்குச் சுருங்குகிறது. இரண்டும் சரியான கணக்குகள்தான். எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் கட்டுரைகளை நம்பாமல் இருப்பது நல்லது.

உடல் என்பது எதுவரை?

இதுவரை சொன்னவை கோட்டைப் பற்றிய சிக்கல்கள். வகுக்கும் எண்ணிலேயே, அதாவது உடல் எடையிலேயே, இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. மூளை ஓரளவு நிலையானது. உடல் எடை அப்படியல்ல. ஒருவர் 55 கிலோ இருக்கும்போது ஜெரிசனின் சூத்திரப்படி அவரது ஈவு 7.8. அவரே 80 கிலோவை எட்டினால் 6.1. நூறு கிலோவைத் தொட்டால் 5.2. கொழுப்புத் திசுவை இயக்க நரம்பு மண்டலத்துக்குக் கூடுதல் வேலை மிகக் குறைவு. ஆனாலும் சூத்திரம் ஒவ்வொரு கிலோ கொழுப்புக்கும் மூளையைக் கேட்கிறது. கடல் பாலூட்டிகளின் தோலுக்கடியில் தடித்துக் கிடக்கும் கொழுப்புப் படலம் இதன் உச்ச எடுத்துக்காட்டு. ஆண் யானைச் சீல்கள் இனப்பெருக்கப் பருவத்தில் உணவின்றிக் கரையில் கிடந்து தம் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கின்றன. பருவத் தொடக்கத்தில் எடை பார்த்தால் ஓர் ஈவு, முடிவில் பார்த்தால் வேறோர் ஈவு. கொழுப்பு நீங்கிய உடல் எடையை எடுக்கலாம் என்று சிலர் முன்மொழிந்திருக்கிறார்கள். அது நியாயமான யோசனை. ஆனால் பெரும்பாலான காட்டு விலங்குகளுக்கு அந்த அளவீடு கிடைப்பதில்லை. பழைய பட்டியல்களில் ஒரு விலங்கின் மூளையும் வேறொரு விலங்கின் உடலும் சேர்ந்து ஓர் இனத்தின் சராசரியாக நிற்பதும் உண்டு.

மூளை நிலையானது என்று சொன்னேன், அதற்கும் விதிவிலக்கு உண்டு. போலந்தின் விலங்கியலாளர் ஆகஸ்ட் டெனெல் 1949ஆம் ஆண்டில் விவரித்தபடி, ஐரோப்பாவின் ஒரு மூஞ்சூறு வகை குளிர்காலத்தில் மண்டையோட்டையும் மூளையையும் சுருக்கிக்கொண்டு, வசந்தத்தில் ஓரளவு மீண்டும் பெருக்கிக்கொள்கிறது. மனிதரிலும் முதுமையில் மூளை எடை குறைகிறது. இறந்தபின் எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள், உறைகளை நீக்கினார்களா, ஃபார்மலினில் ஊறவைத்த பிறகு நிறுத்தார்களா என்பவையெல்லாம் எண்ணை மாற்றும்.

பரிணாம வரலாற்றிலும் உடல் தன்போக்கில் நகர்கிறது. ஓர் இனத்தின் ஈவு கூடியிருந்தால் மூளை பெருத்ததாகவே நாம் படிக்கிறோம். மூளை அப்படியே இருந்து உடல் சிறுத்தாலும் ஈவு கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். உயிருள்ளவையும் அழிந்தவையுமான நூற்றுக்கணக்கான பாலூட்டிகளைக் கொண்டு 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கலிபோர்னியாக் கடல் சிங்கத்தின் ஈவு குறைவு. ஆனால் பழக்குநர்களிடம் அது காட்டும் புரிதல் உலகறிந்தது. கடலுக்குத் திரும்பிய அதன் முன்னோருக்கு உடல் வேகமாகப் பெருத்ததும், மூளை அந்த வேகத்தில் பெருக்காததுமே அந்தக் குறைவான எண்ணுக்குக் காரணம்.

புதைபடிவங்களுக்கு வரும்போது உடல் எடை ஒரு கணிப்பாகவே மிஞ்சுகிறது. மண்டையோட்டின் உட்கொள்ளளவை அளந்து மூளையை ஓரளவு அறியலாம். உடலையோ தொடை எலும்பின் தலைப்பகுதி போன்ற துண்டுகளிலிருந்து ஊகிக்க வேண்டும். இந்தோனேசியாவின் லியாங் புவா குகையில் 2003ஆம் ஆண்டில் கிடைத்த ஹோமோ ஃபுளோரெசியென்சிஸ் என்ற அழிந்த குள்ள மனித இனப் பெண்ணின் மூளை ஏறத்தாழ 400 கன சென்டிமீட்டர், உயரம் ஒரு மீட்டரை ஒட்டியது. முதல் ஆய்வுக் கட்டுரையே அவரது எடையை 16 முதல் 36 கிலோ வரை என்று விரித்துச் சொல்லியது. மூளையை 400 கிராம் என்று வைத்து ஜெரிசனின் சூத்திரத்தில் இட்டால் 16 கிலோவுக்கு 5.2 வருகிறது, 36 கிலோவுக்கு 3.1. முதலாவது, நூறு கிலோ எடையுள்ள இன்றைய மனிதருக்குச் சமம். இரண்டாவது, சிம்பன்சிக்குச் சற்று மேல். நியாண்டர்தால்களின் மூளை நம்முடையதற்கு நிகரானது, சில மண்டையோடுகளில் பெரியதும்கூட. அவர்களது உடல் பருத்துத் தடித்தது என்று கணிக்கப்படுவதால் மட்டுமே ஈவில் அவர்கள் நமக்குச் சற்றுப் பின்னால் வைக்கப்படுகிறார்கள்.

மனிதருக்கும் மனிதருக்கும்

இந்தக் கணக்கு மிக மோசமாகப் பயன்பட்டது மனிதருக்குள் செய்த ஒப்பீடுகளில். பிலடெல்பியாவின் சாமுவேல் மார்ட்டன் 1839ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மண்டையோடுகளில் விதைகளையும் பின்னாளில் ஈயக் குண்டுகளையும் நிரப்பிக் கொள்ளளவை அளந்து இனக்குழுக்களை வரிசைப்படுத்தினார். அந்த மண்டையோடுகளுக்கு உரியவர்கள் எவ்வளவு உயரமானவர்கள், ஆண்களா பெண்களா என்பவற்றுக்கு அவர் ஈடுகட்டவில்லை. பாரிசில் பால் புரோக்கா 292 ஆண்களின் மூளைகளையும் 140 பெண்களின் மூளைகளையும் நிறுத்து, சராசரியில் 181 கிராம் வேறுபாடு கண்டார். பெண்களின் உடல் சிறியது என்பதால் ஒரு பகுதி வேறுபாடு வரும் என்று அவரே ஒப்புக்கொண்டார். எவ்வளவு பகுதி என்று கணக்கிடாமல், மீதியை அறிவுக் குறைவின் பங்காக விட்டுவிட்டார். உடல் அளவு என்ற திருத்தம் தமக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வெளியே எடுக்கப்பட்டது என்பதுதான் அந்தக் காலத்தின் கதை.

அதற்கு நேரான பதிலை ஒரு பெண்ணே தந்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கார்ல் பியர்சனுடன் பணியாற்றிய ஆலிஸ் லீ, உயிரோடிருப்பவர்களின் தலை அளவுகளிலிருந்து மண்டையோட்டுக் கொள்ளளவைக் கணிக்கும் சூத்திரத்தை உருவாக்கினார். 1898ஆம் ஆண்டில் டப்ளினில் கூடிய உடற்கூற்றியலாளர்களின் தலைகள் அளக்கப்பட்டன. அவர்களையும், தம் கல்லூரியின் ஆண் ஆசிரியர்களையும், பெட்ஃபோர்டு கல்லூரி மாணவியரையும் லீ கொள்ளளவுப்படி வரிசையிட்டார். புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் சிலர் பட்டியலின் அடியில் இருந்தார்கள். மாணவியர் சிலர் அவர்களுக்கு மேலே இருந்தார்கள். மண்டையோட்டின் அளவுக்கும் அறிவுத் திறனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்ற முடிவுடன் 1901இல் அது அச்சாயிற்று.

இன்றைய ஸ்கேன் ஆய்வுகள் மூளையின் பருமனுக்கும் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்களுக்கும் 0.2 அளவில் ஒட்டுறவு (முழுத் தொடர்பு என்றால் 1) காண்கின்றன. அது பூஜ்யம் அல்ல. ஆனால் மனிதருக்கு மனிதர் உள்ள மதிப்பெண் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத்தான் அது விளக்குகிறது. ஒரு தனி மனிதரைப் பற்றி அதைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது. ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம், சராசரிக்குக் கீழே.

வகுக்காமல் விட்டால்?

ஈவு உண்மையிலேயே அறிவுத் திறனைச் சொல்கிறதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். மூன்று கிலோ உடலும் 70 கிராம் மூளையும் உள்ள கப்புச்சின் குரங்குக்கு ஈவு 2.8. 160 கிலோ ஆண் கொரில்லாவுக்கு மூளை 500 கிராம் இருந்தும் ஈவு 1.4. சோதனைகளில் கொரில்லா பின்தங்குவதில்லை. மனிதரல்லாத குரங்கினங்களின் சோதனை முடிவுகளைத் திரட்டி 2007ஆம் ஆண்டில் டீனரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஈவைவிட உடலால் வகுக்காத மொத்த மூளை அளவே திறனை நன்றாகக் கணித்தது. நூறாண்டுக்கும் மேலான திருத்தங்களுக்குப் பின், குரங்கினங்களைப் பொறுத்தவரை, தொடங்கிய இடத்துக்கே திரும்பியது போன்ற முடிவு இது.

ஆனால் மொத்த மூளையும் எல்லா விலங்குகளுக்கும் ஒரே பொருள் தருவதில்லை. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹவுசல், மூளைத் திசுவைக் கரைசலாக்கி அதிலுள்ள அணுக்கருக்களை எண்ணும் முறையை 2005ஆம் ஆண்டில் ராபர்டோ லென்ட்டுடன் வெளியிட்டார். அதன்படி, கபிபாரா என்ற பெரிய கொறித்துண்ணியின் மூளையும் ரீசஸ் குரங்கின் மூளையும் எடையில் பெரிதாக வேறுபடவில்லை, முறையே சுமார் 76 கிராமும் 87 கிராமும். நரம்பணுக்களோ கபிபாராவில் ஏறத்தாழ 160 கோடி, ரீசஸ் குரங்கில் 640 கோடி. கொறித்துண்ணிகளில் மூளை பெருக்கும்போது நரம்பணுக்களும் பெருத்து இடம் அடைக்கின்றன. குரங்கினங்களில் அவை சிறிதாகவே இருந்து எண்ணிக்கையில் கூடுகின்றன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அவற்றில் ஏறத்தாழ 1,600 கோடி பெருமூளையின் வெளி அடுக்கான புறணியில். இந்த எண்ணிக்கை, நம் அளவுள்ள ஒரு குரங்கின மூளைக்கு எதிர்பார்க்க வேண்டியதுதான் என்பது அவரது வாதம். அப்படியென்றால் கோட்டிலிருந்து விலகியவர்கள் நாம் அல்ல. மூளைக்கு மிஞ்சிய உடலை வளர்த்துக்கொண்ட கொரில்லாவும் ஒராங்குட்டானுமே விலகியவை. இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது, ஆனால் கோட்டை வரையும்போது யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற பழைய தேர்வு இதிலும் இருக்கிறது.

யானையின் மூளையில் 25,700 கோடி நரம்பணுக்கள், நம்மைப் போல மூன்று மடங்கு. அவற்றில் 98 சதவீதம் சிறுமூளையில் இருக்கின்றன, புறணியில் 560 கோடி மட்டுமே. எனவே புறணியின் எண்ணிக்கையே சரியான அளவுகோல் என்று ஒரு காலம் தோன்றியது. 2014ஆம் ஆண்டில் நீள்துடுப்புப் பைலட் திமிங்கிலத்தின் புதுப்புறணியில் (புறணியின் பெரும்பகுதி இதுவே), நுண்ணோக்கியில் மாதிரித் துண்டுகளை எண்ணும் வேறு முறையால், ஏறத்தாழ 3,720 கோடி நரம்பணுக்கள் மதிப்பிடப்பட்டன. இது மனிதரைப் போல இரு மடங்குக்கும் மேல். அந்த எண்ணை 1,600 கோடியோடு நேரடியாக ஒப்பிடலாமா, இரு முறைகளும் ஒரே விடையைத் தருமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.